செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் நம் சர்க்கரை நோயாளர் சங்கத்தின் உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

மாதக் கூட்டங்கள் வழக்கம்போல் நடந்தன. கால் பராமரிப்பு பற்றிய பேச்சுக்கு நல்ல கூட்டம். வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். இந்த அறிக்கையின் பெரும்பகுதியை நான் கண்ணுக்கே ஒதுக்குகிறேன். காரணம் உங்களுக்குத் தெரியும்.

நம் உறுப்பினர் ஒருவர், ஓய்வுபெற்ற பேருந்து நடத்துநர். புரட்டாசியில் நடந்த பரிசோதனையில், இரண்டு விழித்திரையிலும் புது ரத்தக் குழாய்கள் முளைத்திருப்பதாகச் சொல்லி, லேசருக்கு மூன்று தடவை வரச் சொன்னார்கள். முதல் தடவை போய்வந்தார். "பார்வை ஒண்ணும் கூடலையே, ராத்திரியில இன்னும் மங்கலாத்தான் தெரியுது" என்று மற்றதை விட்டுவிட்டார். தை மாதம் ஒரு காலை, பல் துலக்கிக்கொண்டிருந்தபோது வலது கண்ணில் மசியைக் கரைத்து ஊற்றியது போல் ஆகிவிட்டது. உள்ளே ரத்தக் கசிவு.

லேசர் போட்டால் பார்வை அதிகமாகாது, இருக்கும் பார்வை போகாமல் நிற்கும் என்பதை நாம் அவருக்கு முன்பே விளக்கியிருக்க வேண்டும். இந்த வருத்தம் எனக்கு இன்னும் தீரவில்லை. சர்க்கரையால் நுண்குழாய்கள் அடைபட்டு ஆக்சிஜன் போகாத விழித்திரைப் பகுதிதான், புதுக் குழாய் முளைக்கச் செய்யும் பொருளைச் சுரக்கிறது. அப்படி முளைக்கும் குழாய்க்குச் சுவர் பலமில்லை, சுலபமாகக் கசியும். அதனால் பட்டினி கிடக்கும் ஓரங்களில், ஒரு கண்ணுக்குச் சுமார் 1,200 முதல் 1,600 புள்ளிகள் வரை லேசரால் சுடுகிறார்கள். சுரப்பு குறைந்து குழாய்கள் சுருங்கும். ஓரப் பார்வையும் இருட்டுப் பார்வையும் கொஞ்சம் குறையலாம். அதைக் கொடுத்துத்தான் நடுப்பார்வையைக் காக்கிறோம். லேசர் போட்ட கண்களில் கடும் பார்வையிழப்பு பாதிக்கும் மேல் குறைந்ததை 1976-ல் வெளிவந்த அமெரிக்க ஆய்வு காட்டியது. நம் மதுரையில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனை தொடங்கியதும் அதே ஆண்டுதான். இன்று கண்ணுக்குள் போடும் ஊசியும் இருக்கிறது. ஆனால் விடாமல் போய்வர முடியாதவர்களுக்கு லேசர்தான் நம்பிக்கை என்பது என் எண்ணம்.

நடத்துநருக்குக் கசிந்த ரத்தம் தானாக வடியவில்லை, விழித்திரையும் இழுபட்டிருந்தது. மாசியில் விட்ரெக்டமி, அதாவது கண்ணுக்குள் நிறைந்திருக்கும் ஜெல்லை அகற்றும் அறுவை சிகிச்சை, செய்தார்கள். ஒரு மில்லிமீட்டருக்கும் சிறிய மூன்று துளைகள் வழியாக, ரத்தம் கலந்த ஜெல்லை வெட்டி உறிஞ்சி, இழுக்கும் தழும்புச் சவ்வை உரித்து, லேசரை உள்ளேயே போட்டு, சிலிக்கான் எண்ணெய் நிரப்பினார்கள். அப்புறம் முகம் கீழே பார்த்தபடியே இருக்க வேண்டும். பகலெல்லாம் மேசைமேல் தலையணை வைத்து நெற்றியை ஊன்றி உட்கார்ந்திருந்தார். நம்மவர்கள் முறை வைத்துப் போய்ப் பேப்பர் வாசித்துக் காட்டினார்கள், ஸ்ட்ரா போட்டுக் காப்பி கொடுத்தார்கள். எண்ணெயை ஆனியில் எடுத்தார்கள். அந்தக் கண்ணில் இப்போது முகம் தெரிகிறது, எழுத்து தெரியவில்லை. இடது கண்ணுக்கு மீதி லேசரை முடித்துவிட்டார். அதனால்தான் இன்றும் பேப்பர் வாசிக்கிறார்.

இதன்பின் செயற்குழு ஒரு முடிவெடுத்தது. லேசர் தொடங்கிய ஒவ்வொருவரின் அடுத்த தேதியும் சங்க நோட்டில் ஏறும், முந்தின நாள் போன் போகும். சொட்டு மருந்து விட்டால் கண் கூசும், வண்டி ஓட்ட முடியாது என்பதால் துணைக்கு ஒருவரும் வருவார். பெயர் கொடுத்தவர்களில் பெண்கள்தான் அதிகம். அவர்களுக்கு நன்றி.

பார்வை தெளிவாகத்தானே இருக்கிறது என்று பரிசோதனைக்கே வராதவர்கள் இன்னும் உண்டு. ஆவணி முடிவதற்குள் அவர்கள் வீட்டுக்கு நேரில் போகிறோம்.

அறிக்கையைப் பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு வைக்கிறேன்.

செயலாளர்