ஜெராக்ஸ் கட்டை என்ன செய்வது?

அஸ்தம்பட்டி, சேலம்.

அன்புள்ள கந்தசாமிக்கு,

கடிதம் கிடைத்தது. மிளகு விஷயத்துக்குத் தனியாக எழுதுகிறேன். குண்டு மாம்பழம் இன்னும் சந்தைக்கு வரவில்லை. வந்ததும் ஏற்காடு பஸ்ஸில் போட்டுவிடுகிறேன். விடுதி அலமாரியில் சேர்ந்துகிடக்கும் ஆதார் ஜெராக்ஸ்களை ஸ்கேன் செய்து கம்ப்யூட்டரில் ஏற்றலாமா என்று கேட்டிருந்தாய். ஏற்றவும் வேண்டாம், வைத்திருக்கவும் வேண்டாம்.

ஜெராக்ஸ் வாங்கிவைப்பதால் வந்தவர் யாரென்று உனக்குத் தெரிந்துவிடாது. படத்தையும் பெயரையும் மாற்றி அச்சடிப்பது இன்றைக்கு ஒரு வேலையே இல்லை. ஆதார் எண்ணின் 12ஆவது இலக்கம் முந்தைய பதினொன்றிலிருந்து கணக்குப் போட்டு வருவது. ஓர் இலக்கம் தப்பினாலோ, பக்கத்துப் பக்கத்து இலக்கம் இடம் மாறினாலோ அது காட்டிக்கொடுக்கும். ஆனால் கணக்கு சரியாக வந்தாலே அப்படி ஓர் ஆள் இருக்கிறார் என்று ஆகாது.

சோதிக்க வேண்டியது அட்டையில் உள்ள கியூஆர் கட்டத்தை. ஆதார் ஆணையத்தின் ஸ்கேனர் செயலியில் பிடித்தால் பெயர், பிறந்த தேதி, முகவரி, புகைப்படம், எண்ணின் கடைசி நான்கு இலக்கம் எல்லாம் வரும். ஆணையத்தின் டிஜிட்டல் கையொப்பமும் உள்ளேயே இருப்பதால், ஓர் எழுத்தை மாற்றியிருந்தாலும் செயலி ஏற்காது. இதற்கு நெட் வேண்டாம். மலைமேல் மழைக்காலத்தில் சிக்னல் படும் பாட்டுக்கு இது பெரிய வசதி. சாதாரண கியூஆர் செயலியில் பிடித்தால் நீளமாக ஒரு எண்தான் தெரியும், பயந்துவிடாதே. பழைய அட்டைகளில் உள்ள கட்டத்தில் படமும் கையொப்பமும் கிடையாது, அதை நம்பாதே. புதிய அட்டையே ஸ்கேன் ஆகவில்லை என்றால் பெரும்பாலும் லேமினேஷனில் விளக்கு பளபளக்கிறது, அல்லது கடையில் போட்ட பிளாஸ்டிக் அட்டையில் கட்டம் சுருங்கி மங்கிவிட்டது. செல்போனில் உள்ள பிடிஎஃப்பைத் திறந்து காட்டச் சொல். திரையில் வரும் முகத்தையும் எதிரே நிற்பவர் முகத்தையும் ஒப்பிட்டுப் பார்ப்பது உன் வேலை. பதிவேட்டில் பெயர், ஊர், அடையாள வகை, கடைசி நான்கு இலக்கம். போதும்.

சட்டமும் அதைத்தான் சொல்கிறது. 2019இல் ஆதார் சட்டத்தைத் திருத்தியபோது 8ஏ பிரிவைச் சேர்த்தார்கள். இப்படி நெட் இல்லாமல் சரிபார்ப்பவர் ஒப்புதல் கேட்க வேண்டும். ஆதார் எண்ணை வாங்கவோ சேமிக்கவோ கூடாது. 2022 மே மாதம் ஆணையத்தின் பெங்களூரு அலுவலகம் ஓட்டல்களையும் சினிமா தியேட்டர்களையும் பெயர் சொல்லியே, ஜெராக்ஸ் வாங்கி வைக்கக்கூடாது என்று எச்சரித்தது. ஜனங்கள் பதறிப்போனதும் இரண்டே நாளில் அதைத் திரும்பப் பெற்றார்கள். சொன்னது சரி, திரும்பப் பெற்றதுதான் தப்பு என்பது என் கட்சி.

எண் தெரிந்தால் என்ன ஆகிவிடும் என்று கேட்பாய். எண் மட்டும் இருந்தால் பெரிதாக ஒன்றுமில்லை. எண்ணோடு ரேகையும் சேரும்போதுதான் ஆபத்து. ஊர்ப்புறங்களில் ஆதார் வழியாகப் பணம் எடுக்க எண், வங்கியின் பெயர், கைரேகை மூன்றும் போதும், ஓடிபி கேட்காது. ரேகையோ நிலப் பத்திரங்களிலேயே கிடக்கிறது. 2018இல் தெலங்கானாவில் ஒரு சிம் வியாபாரி, பதிவுத்துறை இணையதளத்தில் இருந்த பத்திரங்களிலிருந்து ரேகைகளை எடுத்து வார்த்து, ஆயிரக்கணக்கில் சிம் இயக்கி மாட்டினார். அதற்குப் பிறகு 2023இல், விரல் உயிருள்ளதா வார்ப்பா என்று பார்க்கும் மென்பொருளைச் சேர்த்தார்கள். பாஸ்வேர்டு போனால் மாற்றலாம். கட்டைவிரலை என்ன செய்வது?

அதனால் உன் வீட்டில் எல்லோரும் பயோமெட்ரிக்கைப் பூட்டிவிடுங்கள். மைஆதார் தளத்தில் எண்ணும் ஓடிபியும் கொடுத்தால் ஆயிற்று. பூட்டிய பிறகு யாராவது ரேகை வைத்தால் 330 என்ற பிழை வரும். கருவிழிக்கும் முகத்துக்கும் அதே பூட்டுதான். ரேஷன் கடையில் விரல் வைக்கும் முன்னால் தற்காலிகமாகத் திறந்துகொள்ள வேண்டும். மறந்தால் கடைக்காரரிடம் சண்டை போட்டுப் பயனில்லை. எங்கெல்லாம் உன் ஆதாரைச் சரிபார்த்தார்கள் என்ற பட்டியலும் அதே தளத்தில் கிடைக்கும், ஆறு மாதத்துக்கு, 50 பதிவு வரை. எஸ்தோனியாவில் இதற்கு ஒரு படி மேலே, எந்த அலுவலகம் உன் தகவலை எடுத்துப் பார்த்தது என்றே குடிமகன் பார்க்கலாம். எனக்குப் பொறாமையாக இருக்கிறது.

வாட்ஸ்அப்பில் ஆதார் அனுப்பும் விருந்தினர்களைத் தடுத்துவிடு. அந்தப் படம் உன் பையன் போனில் கேலரிக்குப் போய், அங்கிருந்து தானாகவே கிளவுடுக்கும் போய்விடும். பிடிஎஃப்புக்குக் கடவுச்சொல் இருக்கிறதே என்பார்கள்: பெயரின் முதல் நான்கு எழுத்து ஆங்கிலப் பெரிய எழுத்தில், கூடவே பிறந்த வருஷம். பக்கத்து வீட்டுக்காரர் திறந்துவிடுவார். அனுப்பியே ஆகவேண்டும் என்றால், முதல் எட்டு இலக்கத்தை மறைத்த ஆதாரைத் தரவிறக்கி அனுப்பச் சொல்.

தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023இல் வந்தது, விதிகள் 2025 நவம்பரில்தான் வந்தன. முக்கியமான கடமைகள் நடைமுறைக்கு வர அதிலிருந்து 18 மாதம் அவகாசம். கணினியில் ஏற்றிவிட்டால் நீயும் அந்தச் சட்டத்துக்குள் வருவாய்: எதற்கு வாங்கினாயோ அது முடிந்ததும் அழிக்க வேண்டும், கசிந்தால் சம்பந்தப்பட்டவருக்கும் தரவுப் பாதுகாப்பு வாரியத்துக்கும் சொல்ல வேண்டும். பாதுகாக்கத் தவறினால் அபராத உச்சவரம்பு ₹250 கோடி. சின்ன விடுதிக்கு அவ்வளவு வராது, ஆனாலும் தலைவலிதான். எனக்குள்ள குறை வேறு. அரசு தனக்கு வேண்டிய துறைகளுக்கு விலக்கு கொடுத்துக்கொள்ளலாம். வாரிய உறுப்பினர்களையும் மத்திய அரசே நியமிக்கும். தகவல் உரிமைச் சட்டத்தில் தனிநபர் தகவல் பற்றிய 8(1)(ஜே) பிரிவையும் இதே சாக்கில் இறுக்கிவிட்டார்கள்.

காபித் தோட்டத்து வேலையாட்களைப் பற்றியும் எழுதியிருந்தாய். இங்கே கொலுசுப் பட்டறைகளிலும் அதே பாடுதான்: மெருகு போட்டுப் போட்டு ரேகை தேய்ந்துவிடுகிறது. விரலைக் கழுவித் துடைத்து, பத்து விரலில் எது நன்றாகப் படிகிறது என்று பார்த்து அதையே பழக்கிக்கொள்ளச் சொல். பெரும்பாலும் மோதிர விரல் தப்பித்திருக்கும். அதுவும் ஆகாவிட்டால் கருவிழி, இல்லையேல் ஓடிபி. ஓடிபி எந்த எண்ணுக்குப் போகிறது என்று முதலில் பார். ரீசார்ஜ் செய்யாமல் விட்ட எண்ணைக் கம்பெனி வேறு யாருக்கோ கொடுத்திருக்கும். புது எண்ணைச் சேர்க்கச் சான்று எதுவும் வேண்டாம், ஆள் நேரில் போனால் போதும். கோடை விழாக் கூட்டம் ஏறுவதற்கு முன்னால் நாலைந்து பேராகப் பதிவு மையத்துக்கு அனுப்பிவிடு.

அன்புடன்,
செல்வராசு