பத்தாம் வகுப்புப் பெற்றோருக்கு: டிடி தடுப்பூசி ஏன்?

அன்புள்ள பெற்றோர்களுக்கு வணக்கம்.

வரும் வாரம் ஆரம்ப சுகாதார நிலையத்தார் நம் பள்ளிக்கு வந்து, பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு, ரண ஜன்னி (டெட்டனஸ்), தொண்டை அடைப்பான் (டிப்தீரியா) ஆகிய இரு நோய்களையும் தடுக்கும் டிடி தடுப்பூசி போட இருக்கிறார்கள். சென்ற ஆண்டு ஒப்புதல் படிவத்தில் கையொப்பமிடாத பெற்றோர் சிலர், “கைக்குழந்தையிலேயே எல்லா ஊசியும் போட்டாயிற்று, இனி எதற்கு?” என்று கேட்டிருந்தனர். நியாயமான கேள்வி. பல ஆண்டுகள் உயிரியல் நடத்தியவன் என்ற முறையில், அதற்கு விரிவாக விடையளிக்கக் கடமைப்பட்டிருக்கிறேன்.

காலில் முள் குத்திச் சீழ் வைத்தால் தொடையிடுக்கில் நெறி கட்டுவதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். நெல்லிக்காய் போல் கைக்குத் தட்டுப்படும் அது, நிணநீர் முடிச்சு வேலை செய்வதன் அடையாளம். காயத்தில் நுழைந்த கிருமியின் துணுக்குகளைச் சில செல்கள் எடுத்துச் சென்று, அங்கிருக்கும் டி செல், பி செல் என்னும் வெள்ளையணுக்களிடம் காட்டுகின்றன. அவை ஒவ்வொன்றும் ஏதேனும் ஒரு வடிவத்தை அடையாளம் காணவே அமைந்தது. அந்த அமைப்பு கிருமி வந்த பிறகு உருவாவதன்று. மரபணுத் துண்டுகள் விதவிதமாக இணைவதால், இதுவரை கண்டிராத கிருமிக்கும் பொருந்தக்கூடிய செல் முன்பே ஆயத்தமாக இருக்கிறது. இதை விளக்கிய ஜப்பானிய அறிவியலாளர் டோனகாவாவுக்கு 1987-இல் நோபல் பரிசு கிடைத்தது. எனக்கு இன்றும் வியப்பு அடங்கவில்லை. பொருந்திய செல் பல்கிப் பெருகி, கிருமியையும் அதன் நச்சையும் பிடித்து முடக்கும் எதிர்ப்பொருளைச் சுரக்க, முதல் முறை ஒன்றிரண்டு வாரம் ஆகும். அவற்றில் சில நினைவு செல்களாகத் தங்கிவிடுவதால், மறுமுறை சில நாட்களே போதும்.

இந்த நினைவு எவ்வளவு காலம் நிற்கும் என்பது நோய்க்கு நோய் மாறும். வட அட்லாண்டிக் கடலிலுள்ள ஃபாரோ தீவுகளில் 1781-இல் தட்டம்மை கண்டவர்களை, 65 ஆண்டுகள் கழித்து 1846-இல் அது மீண்டும் பரவியபோது தொடவே இல்லை. ரண ஜன்னி அப்படிப்பட்டதன்று. உயிரைப் பறிக்கப் போதுமான அதன் நச்சு, வெள்ளையணுக்களைத் தூண்டவும் போதாத அளவுக்குச் சொற்பம் என்பதால், நோய் வந்து பிழைத்தவருக்குக்கூட எதிர்ப்பாற்றல் வருவதில்லை. மேலும், நரம்புக்குள் புகுந்துவிட்ட நச்சை எதிர்ப்பொருளால் பிடிக்க இயலாது. நினைவு செல்கள் விழித்தெழும்வரை அது காத்திருப்பதுமில்லை. ஆகவே எதிர்ப்பொருள் முன்கூட்டியே இரத்தத்தில் இருந்தாக வேண்டும். குழந்தைப் பருவ ஊசிகளால் உண்டான அதன் அளவு ஆண்டுகள் செல்லச் செல்லக் குறைவதால்தான், 10 வயதிலும் 16 வயதிலும் மீண்டும் போடுகிறார்கள். இதே ஊசி தொண்டை அடைப்பானையும் தடுக்கும்.

ரண ஜன்னிக் கிருமியின் விதைத்துகள் மண்ணிலும் சாணத்திலும் இருப்பது. அது ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றுவதில்லை. எனவே பக்கத்து வீட்டுப் பிள்ளை போட்டுக்கொண்ட ஊசி நம் பிள்ளையைக் காக்காது. விடுமுறையில் அப்பாவோடு ரப்பர் தோட்டத்தில் வெறுங்காலுடன் நடக்கும் பிள்ளைகளும், கடற்கரையில் தூண்டில் முள்ளைக் கையாளும் பிள்ளைகளும் நம் வகுப்பறையில் இருக்கிறார்கள்.

ஊசி போட்ட இடம் ஓரிரு நாள் வலித்து வீங்கலாம், லேசாகக் காய்ச்சலும் வரலாம். முன்பு எந்த ஊசிக்காவது கடும் ஒவ்வாமை ஏற்பட்டிருந்தால் படிவத்தில் தவறாமல் எழுதுங்கள். பிள்ளைகள் அன்று காலை கஞ்சியோ புட்டோ வயிறார உண்டு, கையொப்பமிட்ட படிவத்தோடு வரட்டும். ஊசிக்குப் பின் அரைமணி நேரம் அவர்களோடு நானும் வகுப்பில் இருப்பேன்.

தங்கள் உண்மையுள்ள,
தலைமையாசிரியர்,
அரசு உயர்நிலைப் பள்ளி,
கன்னியாகுமரி மாவட்டம்.