பேய்களுக்குக் கஞ்சி போட்டவர்களுக்கு நன்றி

பிள்ளைகள் பேய் வேஷம் போட்டு வீடு வீடாக மிட்டாய் கேட்டு வரும் ஹாலோவீனுக்கு எங்கள் தெருவில் கைகொடுத்த எல்லோருக்கும் வணக்கம்.

ஆங்கிலத்தில் நாலு வரி நன்றி எழுதி எல்லா வீட்டுக்கும் ஏற்கெனவே கொடுத்தாகிவிட்டது. ஆனால் அந்த நாலு வரிக்குள் அடங்காத சங்கதிகள் நிறைய இருக்கின்றன, அதையெல்லாம் தமிழில் சொன்னால்தான் எனக்கும் திருப்தி, நம் ஆட்கள் படித்துச் சிரிக்கவும் வசதி. மினியாப்போலிஸுக்கு வடக்கே, அனோகா பக்கம் இருக்கிற சின்னத் தெரு எங்களுடையது. பனி கொட்ட ஆரம்பித்துவிட்டால் பக்கத்து வீட்டுக்காரர் முகத்தை அடுத்த ஏப்ரலில்தான் பார்க்கலாம். அந்தத் தெருவில் அக்டோபர் 31 அன்று, நன்றாக இருட்டி, கைவிரல் விறைத்துப்போன பிறகும் யாரும் வீட்டுக்குள் போக மனசில்லாமல் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள் என்றால் அதற்குப் பின்னால் நிறையப் பேரின் உழைப்பு இருக்கிறது. பெயர் போட வேண்டாம் என்று பாதிப் பேர் சொல்லிவிட்டதால் அடையாளத்தோடு நிறுத்திக்கொள்கிறேன். யாரைச் சொல்கிறேன் என்று அவரவருக்குத் தெரிந்துவிடும்.

முதல் நன்றி, மகள் வீட்டுக்கு வந்திருக்கும் மதுரை அம்மாவுக்கு. துணிப்பேய் செய்வது இங்கே பழைய கைவேலை. ஒரு பாட்டில் மேல் ஊதின பலூனைக் கவிழ்த்து உட்கார வைத்து, இரண்டு பக்கமும் கம்பியைக் கை மாதிரி வளைத்து, பசையில் முக்கிய மல் துணியை அதன்மேல் போர்த்தி, காய்ந்ததும் பலூனை உடைத்துவிட்டால் உள்ளே ஒன்றுமே இல்லாமல் துணி தானாக நிற்கும். பள்ளிக்கூடப் பசையைத் தண்ணீரில் கரைத்துத்தான் வழக்கமாகச் செய்வார்கள். பாட்டில் பாட்டிலாகப் பசை வாங்கி வைத்திருந்ததைப் பார்த்துவிட்டு அம்மா, "துணி விறைப்பா நிக்கணும், அவ்வளவுதானே? அதுக்குக் கஞ்சி போதாதா?" என்று கேட்டார். கேட்டதோடு நிற்கவில்லை. பெரிய பாத்திரத்தில் அரிசியைக் குழைய வேகவிட்டு, கஞ்சியை வடித்து, கை பொறுக்கும் சூட்டில் துணியை முக்கி, லேசாகப் பிழிந்து, மடிப்பு மடிப்பாக நீவிவிட்டுப் போர்த்தினார். ஓரங்களை மட்டும் பிழியாமல் விடச் சொன்னார், அங்கே கஞ்சி கனமாக இருந்தால்தான் அடி விரிந்து நிற்குமாம். பசை போட்ட பேய் காய்ந்ததும் பிளாஸ்டிக் மாதிரி மினுமினுவென்று இருந்தது. கஞ்சி போட்டது அப்படியே துணியாகவே இருந்தது, உள்ளே பேட்டரி விளக்கை வைத்தால் இழை இழையாக வெளிச்சம் கசிந்தது. கராஜ் முழுக்கச் சோறு வெந்த வாசனை. வருகிறவர்களைப் பயமுறுத்த நாங்கள் அமைத்த பேய் வீட்டுக்குள் நுழைகிறவர்களுக்குப் பயத்துக்கு முன்னால் பசி வந்திருக்கும்.

இந்தப் பேய்களைக் காயவைக்கத்தான் அடுத்தவருக்கு நன்றி சொல்ல வேண்டி வந்தது. கடைசி இரண்டு ஈரமாக இருக்கிறது என்று ஒருத்தர் ஹேர் டிரையரைப் பிடிக்க, இன்னொருத்தர் அதே கராஜில் புகை எந்திரத்தைச் சோதித்துப் பார்க்க, மொத்தமும் அணைந்துவிட்டது. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற எலக்ட்ரீஷியன் தாத்தா கைவிளக்கோடு வந்தார். ஒரு லைன் 15 ஆம்பியர், இங்கே 120 வோல்ட், ஆக 1800 வாட்டுக்கு மேல் அது இழுக்காது, ஹேர் டிரையர் ஒன்றே கிட்டத்தட்ட அத்தனையும் குடித்துவிடும், புகை எந்திரமும் திரவத்தைச் சூடாக்கித்தான் புகை விடுகிறது என்று சிறுவர்களை உட்கார வைத்துக் கணக்குப் போட்டுக் காட்டினார். பிறகு எந்த ப்ளக் எந்த லைன் என்று கண்டுபிடித்து ஒவ்வொன்றிலும் டேப் ஒட்டி எழுதிவிட்டுப் போனார். அன்று ராத்திரி ஒரு முறைகூட விளக்கு அணையவில்லை. அந்த டேப்புகளை நான் எடுக்கப்போவதில்லை, அடுத்த வருஷத்துக்கும் வேண்டும்.

பூசணிக்காய் குடைந்த கோஷ்டிக்கு அடுத்தது. அயர்லாந்தில் ஒரு காலத்தில் டர்னிப் கிழங்கைக் குடைந்து விளக்கு வைத்தவர்கள், அமெரிக்கா வந்த பிறகு இங்கே கிடைத்த பூசணிக்கு மாறிக்கொண்டார்கள் என்பது பலருக்கும் தெரிந்த கதை. நல்ல வேளை மாறினார்கள், டர்னிப்பைக் குடைய மணிக்கட்டு தாங்காது. மூலை வீட்டு ஆசிரியை சொல்லிக்கொடுத்ததை அப்படியே இங்கே எழுதி வைக்கிறேன். மேலே மூடி மாதிரி வெட்டாமல் அடியில் வெட்டினால் காய் சீக்கிரம் உள்வாங்காது, முகம் வெட்டப்போகும் பக்கத்தை உள்ளிருந்து ஓர் அங்குலத்துக்குச் சுரண்டிவிட வேண்டும், வெட்டின ஓரத்தில் வாஸ்லின் தடவினால் வதங்க நாளாகும். எல்லாரும் முக்கோணக் கண்ணும் பல்லும் வெட்டிக்கொண்டிருக்க, மதுரை அம்மா ஒரு காயைத் தனியாக எடுத்து வைத்து, கத்தியே வைக்காமல், முறுக்கு மீசை, உருட்டின கண், தொங்கின நாக்கு என்று அசல் திருஷ்டிப் பூசணியை வரைந்துவிட்டார். நம் ஊரில் புதுவீட்டு வாசலில் வெண்பூசணியில் தொங்குமே, அதே முகம். எதிர் வீட்டு அமெரிக்கப் பாட்டி அதைப் பார்த்ததும் தன் வாசலுக்கும் ஒன்று கேட்டு வாங்கிக்கொண்டார். எதற்கு என்று விளக்கினோம். "கண் வைப்பவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள்" என்றார்.

அணில் தொல்லைக்கும் வழி நம் சமையலறையிலிருந்துதான் வந்தது. இங்கே அணில்கள் பூனைக்குட்டி அளவு இருக்கும், ஒரே ராத்திரியில் பூசணியின் மூக்கைத் தின்றுவிடும். மிளகாய்த்தூள் பூசினோம். அந்த எரிச்சல் அணிலுக்கு உறைக்கும், பறவைகளுக்கு உறைக்காது, அதனால் விதை கொத்த வரும் குருவிகளுக்கும் கஷ்டமில்லை. பூசணி விதையைக் கழுவிக் காயவைத்து உப்பு, மிளகாய்த்தூள், பெருங்காயம் போட்டு வறுத்துத் தந்த ஈரோட்டு அக்காவுக்குத் தனி நன்றி. ஒரு தட்டு எனக்கென்று எடுத்து வைத்திருந்தீர்கள், அது என்னிடம் வந்து சேரவில்லை. யார் தின்றது என்றும் தெரியும்.

இப்போது இசைக்கு வருகிறேன், இந்த வருஷம் எங்கள் பேய் வீட்டைத் தூக்கி நிறுத்தியதே அதுதான். ஒவ்வொரு வருஷமும் கடை கடையாக ஓடுகிற அதே அலறல், அதே ஆர்கன், அதே சிரிப்பு எனக்கு அலுத்துவிட்டது, கேட்டாலே தள்ளுபடி விற்பனைதான் ஞாபகம் வருகிறது. பள்ளி பேண்டில் டிராம்போன் வாசிக்கும் பையன், தன் குழாயை இழுத்து இழுத்து ஒரு ஸ்வரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிக்கொண்டே போவேன் என்று வந்தான். சரி, அதற்குத் துணையாக என்ன போடலாம் என்று யோசித்தபோது தஞ்சாவூர்க்கார அண்ணன் வீட்டில் சுவரில் தொங்கிக்கொண்டிருந்த உடுக்கையை இறக்கினார். கோடாங்கி கையில் அது பேய் ஓட்டும், இங்கே அதை வைத்துப் பேயை வரவழைத்தார். இடுப்புக் கயிற்றை அமுக்க அமுக்கச் சத்தம் விம்மி ஏறும், விட்டால் தொய்ந்து இறங்கும். டிராம்போன் இறங்கும் இடத்தில் உடுக்கை ஏறியது. ஒத்திகையிலேயே எனக்கு ரோமம் சிலிர்த்துவிட்டது. அப்புறம் வயலின் கற்றுக்கொள்ளும் அந்தப் பெண், இருட்டில் நின்றுகொண்டு தாளமே இல்லாமல் சுபபந்துவராளியை மெதுவாக இழுத்தாள். ராகம் தெரியாதவர்கள்கூடப் பேச்சை நிறுத்திவிட்டார்கள்.

ஆனால் நிஜமாகவே எல்லாரையும் ஓடவைத்தது கொலுசு. பழைய புடவைகளைத் திரையாகக் கட்டின வழியில், ஆளே தெரியாமல், திரைக்குப் பின்னால் ஜல், ஜல் என்று நடந்து போவது மட்டும். மோகினி யார், அவள் எதற்கு வெள்ளைப் புடவையில் வருகிறாள் என்று எதையும் சொல்லித்தரவில்லை. ஆறடி உயரமுள்ள ஒரு அப்பா தன் பிள்ளையை முன்னால் விட்டுப் பின்னால் ஒளிந்துகொண்டதை நான் பார்த்தேன். கொலுசு கட்டி நடந்த அந்தப் பன்னிரண்டாம் வகுப்புப் பெண்ணுக்கு: இரண்டு மணி நேரம் திரைக்குப் பின்னால் குளிரில் நின்றாய், உன் முகத்தை ஒருத்தரும் பார்க்கவில்லை, அன்றைக்கு நட்சத்திரம் நீதான் கண்ணு.

குளிர் என்றதும் எதிர் வீட்டுப் பாட்டி மறுபடி நினைவுக்கு வருகிறார். வேஷத்தை இரண்டு அளவு பெரிதாகத் தையுங்கள், உள்ளே ஜாக்கெட் போட இடம் வேண்டும் என்று செப்டம்பரிலேயே எச்சரித்தவர் அவர். 1991 ஹாலோவீன் பனிப்புயலை நேரில் பார்த்தவர். அக்டோபர் 31 அன்று ஆரம்பித்து நவம்பர் 3 வரை கொட்டி, மினியாப்போலிஸ், செயின்ட் பால் என்ற இரட்டை நகரத்தில் 28.4 அங்குலம் பனி. அப்போதும் பிள்ளைகள் வேஷத்துக்கு மேல் பனிக்கோட்டு போட்டுக்கொண்டு மிட்டாய் கேட்டு வந்தார்கள் என்று சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு பெருமை. இந்தப் பக்கத்து ஜனங்களுக்கு ஹாலோவீன் என்றால் அப்படி ஒரு பிடிவாதம். அனோகாவில் 1920-இல் ஊரே சேர்ந்து ஊர்வலம் வைத்ததே பிள்ளைகளின் சேட்டை தாங்காமல்தான், விடிந்து பார்த்தால் கடைத்தெருவில் மாடுகள் திரியுமாம். திட்டுவதற்குப் பதிலாக ஊர்வலமும் தின்பண்டமும் கொடுத்து வேலையை முடித்தார்கள். 1937-இல் பேப்பர் போடும் பையன் ஒருத்தன் வாஷிங்டன் வரை மனுவைக் கொண்டுபோய், அனோகாவை உலகத்தின் ஹாலோவீன் தலைநகர் என்று அறிவிக்கக் கேட்டான். அந்த ஊர்வலம் இன்றும் நடக்கிறது, எங்கள் தெருப் பிள்ளைகளையெல்லாம் வேனில் ஏற்றி அழைத்துப்போய்க் காட்டிய இரண்டு அப்பாக்களுக்கும் நன்றி.

பச்சையும் நீலமும் கலந்த பூசணியை வாசலில் வைத்தவர்களை விட்டுவிட முடியாது. வேர்க்கடலை மாதிரி ஏதாவது உணவு ஒவ்வாத பிள்ளைகளுக்கு இந்த வீட்டில் தின்பண்டம் இல்லாத பரிசும் உண்டு என்று சொல்லும் அடையாளம் அது, 2014 முதல் அமெரிக்கா முழுக்கப் பரவிய வழக்கம். தன் மகனுக்காக ஒரு அம்மா சொன்னார், அடுத்த நாளே பல வாசல்களில் அந்த நிறம். ஒளிரும் வளையல், ஸ்டிக்கர், பென்சில். அந்தப் பையன் வீட்டுக்குப் போய்ப் பையைக் கொட்டினபோது எதையும் எடுத்துத் தனியே வைக்க வேண்டியிருக்கவில்லை என்று அவர் அனுப்பிய செய்தியைப் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

பிளாஸ்டிக் சிலந்தி வலை வேண்டவே வேண்டாம், பறவைகள் சிக்கிக்கொள்ளும் என்று சண்டை போட்ட பறவைப் பிரியருக்கும் ஒரு கும்பிடு. அன்றைக்குக் கொஞ்சம் எரிச்சலாகத்தான் இருந்தது, ஆனால் சணல் கயிற்றில் நீங்கள் பின்னிய வலை கடை வலையைவிட நூறு மடங்கு மேல்.

மறுநாள் காலை யாரும் கூப்பிடாமலே வந்து தெருவைக் கூட்டி, மிட்டாய்த் தாள் பொறுக்கி, பூசணிகளை மெழுகு, பெயின்ட் இல்லாததாகப் பிரித்து உரத்தொட்டிக்கு ஏற்றி அனுப்பியவர்களே, காபி என் கணக்கில். வரும் சனிக்கிழமை காலை வீட்டுக்கு வாருங்கள். வரும்போது உங்கள் சாமான்களையும் பார்த்து எடுத்துக்கொண்டு போங்கள். மூன்று எக்ஸ்டென்ஷன் வயர், ஒரு மஞ்சள் ஏணி, யாருடையதென்று தெரியாத ஒற்றைக் குழந்தை பூட்ஸ் எங்கள் கராஜில் இருக்கிறது. கஞ்சிப் பேய்கள் மட்டும் கிடையாது, அவற்றை மதுரை அம்மா பெட்டியில் போட்டுப் பூட்டிவிட்டார்.