காற்றாலை வாங்கும்போதே பாஸ்வேர்டையும் கேளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தமிழக அரசு 2024-ல் காற்றாலைப் புதுப்பிப்புக் கொள்கையைக் கொண்டுவந்த பிறகு, பணகுடி, பழவூர், ராதாபுரம் பக்கம் பழைய காற்றாலைகளைக் கழற்றிவிட்டுப் பெரிய இயந்திரம் நிறுத்துவது பற்றிய பேச்சு வலுத்திருக்கிறது. விலை, மெகாவாட், கடன் வட்டி எல்லாம் பேசப்படுகின்றன. இருபத்தைந்து வருடம் ஓட வேண்டிய இயந்திரத்தின் உதிரிபாகமும், கன்ட்ரோலரின் (இயந்திரத்தை இயக்கும் கணினி) பாஸ்வேர்டும் யார் கையில் இருக்கும் என்று கேட்பவர்கள் குறைவு. வெளிநாட்டு நிறுவனங்களோடு கைகோப்பது நல்லதுதான். அது எந்த நிபந்தனையில் என்பதே எங்கள் கவலை.

நம் வட்டாரத்துக்கு இதில் பழைய அனுபவம் உண்டு. டென்மார்க்கின் மைக்கான் ரக 225 கிலோவாட் இயந்திரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இறக்கைகள் மெதுவாகச் சுற்ற, கியர்பாக்ஸ் அதை நிமிடத்துக்கு ஆயிரம் சுற்றாக ஏற்றிச் சாதாரண இண்டக்‌ஷன் ஜெனரேட்டருக்குக் கொடுக்கும். பேரிங் எண் கடையில் கேட்டு வாங்கக்கூடிய எண். காயில் எரிந்தால் உள்ளூரிலேயே கட்டிக்கொள்ளலாம். தயாரித்த மைக்கான் நிறுவனம் 1997-ல் வேறொன்றோடு இணைந்து நெக் மைக்கான் ஆனது. 2004-ல் அதுவும் வெஸ்டாஸுக்குள் கரைந்தது. கம்பெனிப் பெயர் போனாலும் இயந்திரத்தை ஓட்ட முடிந்ததற்குக் காரணம் பாகங்கள் பொதுவானவை என்பதுதான்.

இன்னொரு அனுபவமும் உண்டு. ஜெர்மனியின் எனர்கான், 1994-ல் இந்தியப் பங்குதாரர்களோடு கூட்டு நிறுவனம் தொடங்கியது. கியர்பாக்ஸே இல்லாத 230, 600, 800 கிலோவாட் இயந்திரங்கள். தொழில்நுட்பத்தில் குறை சொல்ல முடியாது. ஆனால் 2007 வாக்கில் பங்குதாரர்களுக்குள் உரிமம், பாகங்கள் குறித்துத் தகராறு முற்றியது. நடுவர் தீர்ப்பாயம் பற்றிய வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 2014-ல்தான் தீர்ப்பானது. பெயர் மாறிய இந்திய நிறுவனம் 2018-ல் திவால் நடவடிக்கைக்குள் போனது. வளைய ஜெனரேட்டரும் பவர் எலெக்ட்ரானிக்ஸ் பெட்டியும் அந்த இயந்திரத்துக்கென்றே செய்தவை. வேறு கடையில் கிடைக்காது. கூட்டாளிகள் சண்டை போட்டால் அடி விழுவது இயந்திரம் வாங்கியவர் மேல்.

இப்போது வரும் இயந்திரங்களில் பூட்டு இன்னும் இறுக்கம். ஓர் உதாரணம் போதும். மூன்று இறக்கைகளின் கோணத்தையும் தனித்தனி என்கோடர் அளக்கிறது. ஒன்று மற்ற இரண்டோடு ஒத்துப்போகாவிட்டால் கன்ட்ரோலர் இயந்திரத்தை நிறுத்திவிடும். அது சரியான பாதுகாப்பு. என்கோடரை மாற்றுவது பெரிய வேலை இல்லை. மாற்றிய பின் பூஜ்யக் கோணத்தை (இறக்கையின் தொடக்க நிலை) கன்ட்ரோலரில் பதிய வேண்டும். அந்த மெனு மேல்நிலை பாஸ்வேர்டுக்குப் பின்னால் இருந்தால், பாகத்தோடு நூறு மீட்டர் உயரத்தில் ஆள் நின்றாலும் கம்பெனிக்காரர் எங்கிருந்தோ லாகின் செய்யும்வரை காத்திருக்க வேண்டியதுதான். ஆனி, ஆடியில் இப்படி நின்றால் போன யூனிட் போனதுதான். வைகாசி முதல் ஆவணி வரையிலான காற்றில்தான் வருட உற்பத்தியின் பெரும்பங்கு கிடைக்கிறது.

ஆகவே ஒப்பந்தத்திலேயே எழுத வேண்டியவை. பராமரிப்புக்கு வேண்டிய எல்லா நிலை பாஸ்வேர்டும், பாராமீட்டர் பட்டியலும், பழுதுக் குறியீடுகளின் விளக்கமும் இயந்திரத்தை ஒப்படைக்கும் நாளிலேயே உரிமையாளருக்கு வர வேண்டும். மென்பொருளின் மூலநிரலை மூன்றாம் தரப்பிடம் வைப்பாக வைத்து, கம்பெனி மூடினாலோ 90 நாள் பாகம் தராவிட்டாலோ உரிமையாளருக்கு விடுவிக்க வேண்டும். பாகப் பட்டியலில் கம்பெனியின் சொந்த எண் மட்டும் போதாது; பேரிங், சீல், ரிலே எல்லாவற்றுக்கும் அசல் தயாரிப்பாளரின் எண் வேண்டும். இவற்றைவிட முக்கியம், எந்தத் தகராறு நடந்தாலும் பாகம் வழங்குவது நிற்கக் கூடாது என்ற தனிப் பிரிவு. எனர்கான் கதை கற்றுத்தருவது இதைத்தான்.

உதிரி இருப்பு மாவட்டத்துக்குள் இருக்க வேண்டும், சித்திரை முடிவதற்குள். பத்து இயந்திரத்துக்கு ஒரு பிட்ச் மோட்டார் (இறக்கைக் கோணத்தை மாற்றுவது), இரண்டு என்கோடர், ஒரு யா மோட்டார் (இயந்திரத் தலையைக் காற்றுப் பக்கம் திருப்புவது), ஒரு ஐஜிபிடி தொகுப்பு (மின்சாரத்தை மாற்றும் கன்வெர்ட்டர் பெட்டியின் மின்னணுச் சுவிட்ச்) என்பது எங்கள் கணக்கு. வாங்கி அடுக்கினால் மட்டும் போதாது. கன்வெர்ட்டரின் எலெக்ட்ரோலிட்டிக் கப்பாசிட்டர் ஒரு வருடத்துக்கு மேல் மின்சாரம் இல்லாமல் கிடந்தால், மின்னழுத்தத்தைச் சிறிது சிறிதாக ஏற்றிப் பக்குவப்படுத்தாமல் இணைக்கக் கூடாது. நேரே இணைத்தால் வெடிக்கலாம். பெரிய பேரிங்கையும் கியர்பாக்ஸையும் அவ்வப்போது கையால் சுற்றி வைக்காவிட்டால், நின்ற இடத்திலேயே உருளைகள் தடம் பதித்துவிடும். கூடங்குளம், உவரிப் பக்க உப்புக் காற்றில் துருவும் சேர்ந்துகொள்ளும்.

கங்கைகொண்டானில் டாடா பவர் குழுமத்தின் 4.3 கிகாவாட் சூரிய மின்தகட்டு ஆலை வந்திருப்பது நமக்குப் பெருமை. ஆனாலும் சூரிய மின்தகட்டுக்கான வேஃபர் (மெல்லிய சிலிக்கான் வில்லை) பெரும்பாலும் சீனாவிலிருந்து வர வேண்டிய நிலைதான் நாடு முழுக்க. பூட்டும் சாவியும் பற்றிய கேள்வி சூரிய மின்சாரத்தில் இன்வெர்ட்டர் மென்பொருளுக்கும் அப்படியே பொருந்தும்.

டென்மார்க் முன்னணிக்கு வந்தது நல்ல இயந்திரத்தால் மட்டுமல்ல. அந்நாட்டு ரீசோ ஆய்வு மையத்தில் 1978-லேயே சோதனை நிலையம் வைத்தார்கள்; அங்கே தேறிய ரகத்துக்குத்தான் அரசு மானியம். உரிமையாளர் சங்கமோ எந்த ரகம் எவ்வளவு உற்பத்தி செய்தது, எது பழுதானது என்று வெளிப்படையாக அச்சிட்டது. நமக்குப் பக்கத்திலேயே கயத்தாறில் தேசியக் காற்று ஆற்றல் நிறுவனத்தின் சோதனை நிலையம் இருக்கிறது. அதன் துணையோடு தமிழ்நாடு பசுமை எரிசக்திக் கழகம் ரகவாரியாக நின்ற மணி நேரத்தையும் காரணத்தையும் மாதந்தோறும் வெளியிடட்டும். மேற்சொன்ன பிரிவுகள் அடங்கிய மாதிரி ஒப்பந்தம் ஒன்றைத் தமிழிலும் தரட்டும். ஒன்றிரண்டு இயந்திரம் மட்டும் வைத்திருப்பவர்களால் தனியாகப் பேரம் பேசி இதையெல்லாம் வாங்க முடியாது.

இப்படிக்கு,
காற்றாலைப் பராமரிப்புப் பொறியாளர்கள் சிலர்,
வள்ளியூர், திருநெல்வேலி மாவட்டம்