பாதியில் நின்ற விண்ணப்பம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்கக் கல்லூரிகளில் சேருவது பற்றிய உங்கள் கட்டுரையில் மதிப்பெண், நேர்காணல், உதவித்தொகை எல்லாம் வந்துவிட்டன. ‘குற்றத்துக்குத் தண்டனை பெற்றதுண்டா?’ என்று விண்ணப்பத்தில் கேட்கும் குற்றப் பின்னணிக் கேள்வியை மட்டும் காணோம். நம் பிள்ளைகளுக்கு அது எதற்கு என்று விட்டிருப்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

என்னோடு கிடங்கில் வேலை பார்த்த ஒருவர், சின்ன வயதில் செய்த தப்புக்கு உள்ளே இருந்துவிட்டு வந்தவர். ஒருநாள் மதிய இடைவேளையில் கல்லூரி விண்ணப்பம் நிரப்பிக்கொண்டிருந்தார். பெயர், முகவரி, படித்த பள்ளி எல்லாம் மளமளவென்று போயின. அந்தக் கேள்வி வந்ததும் கை நின்றுவிட்டது. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு ‘ஆம்’ என்று டிக் அடித்தார். உடனே தண்டனை விவரம் கொடு, விடுதலைக்குப் பின் கண்காணிக்கும் பரோல் அதிகாரியிடம் கடிதம் வாங்கு என்று ஒரு பட்டியல். மடிக்கணினியை மூடிவிட்டு சாண்ட்விச்சைப் பிரித்தார். அதோடு சரி.

அவரைப் போல எத்தனை பேர் என்பதற்குக் கணக்கே இருக்கிறது. 64 வளாகங்கள் கொண்ட நியூயார்க் மாநிலப் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பித்தவர்களைப் பற்றி 2015இல் ஓர் ஆய்வு வந்தது. பெருங்குற்றத் தண்டனை உண்டு என்று டிக் அடித்தவர்கள் ஆண்டுக்கு 2,924 பேர். அதில் 1,828 பேர் விண்ணப்பத்தை முடிக்கவே இல்லை. மொத்த விண்ணப்பதாரர்களில் இப்படிப் பாதியில் விட்டவர்கள் 21 சதவீதம்தான். ‘ஆம்’ என்றவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குப் பேருக்குக் கல்லூரி ‘வேண்டாம்’ என்று சொல்லவேண்டிய வேலையே வைக்கவில்லை!

மகளை விடுதியில் விட்டிருக்கிறவன் நான், பயம் எனக்கும் உண்டு. ஆனால் அந்தப் பல்கலைக்கழகம் 2016இல் எடுத்த முடிவு எனக்குச் சரியாகவே படுகிறது. சேர்க்கை விண்ணப்பத்தில் கேட்பதில்லை. இடம் கிடைத்தவர் விடுதி கேட்டு வரும்போது கேட்கிறார்கள். லூசியானா மாநிலம் 2017இல், சேர்க்கையின்போது கேட்கக்கூடாது என்று அரசுக் கல்லூரிகளுக்குச் சட்டமே போட்டது, பாலியல் குற்றம் போன்ற சிலவற்றுக்கு மட்டும் விலக்கு. நூற்றுக்கணக்கான கல்லூரிகளுக்குப் பொதுவான ‘காமன் ஆப்’ விண்ணப்பம் 2006இல் சேர்த்த கேள்வியை 2019இல் எடுத்துவிட்டது. ஆனாலும் அந்தந்தக் கல்லூரி தன் பகுதியில் தனியாகக் கேட்டுக்கொள்ளலாம். விஷயமே அங்கேதான் இருக்கிறது.

அடுத்த கட்டுரையில் யார் யார் இன்னும் கேட்கிறார்கள் என்றும் போடுங்கள். நண்பருக்குத் தமிழ் தெரியாது, நான் படித்துச் சொல்லிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், நியூ ஜெர்சி