காய்கறிப் பாத்திகளுக்குக் கம்பிவலைக் கூடாரம் போட அனுமதி கோரும் மனு

அனுப்புநர்:
தரைத்தளக் குடியிருப்போர் சார்பில் ஒரு குடும்பத்தலைவி,
ஆர்.கே.புரம், புது டெல்லி.

பெறுநர்:
உயர்திரு செயற்பொறியாளர் அவர்கள்,
மத்தியப் பொதுப்பணித் துறை, புது டெல்லி.

பொருள்: குரங்குத் தொல்லையிலிருந்து கொல்லைத் தோட்டத்தைக் காக்கக் கழற்றக்கூடிய கம்பிவலைக் கூடாரம் – அனுமதி வேண்டி.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். தங்களுக்குத் தமிழ் வாசிக்க வரும் என்று பராமரிப்பு அலுவலகத்தில் சொன்னார்கள். அதனால் தமிழிலேயே எழுதுகிறேன். கோப்புக்காக இந்திப் படி ஒன்றும் இணைத்திருக்கிறேன்.

எங்கள் குவார்ட்டர்ஸ் வரிசையில் தரைத்தள வீடுகளுக்குப் பின்னால் கொஞ்சம் மண் நிலம் உண்டு. அதில் கோடைக்கு வெண்டை, சுரை, பீர்க்கு போடுகிறோம். அக்டோபர் பிறந்தால் தக்காளி, கத்தரி, அவரை, முள்ளங்கி. நம் ஊர்க் காயும் முருங்கைக்கீரையும் வேண்டுமென்றால் ஐ.என்.ஏ. மார்க்கெட் வரை போக வேண்டிய இந்த ஊரில், கொல்லையில் பறித்துக் குழம்பு வைப்பது எங்களுக்குப் பெரிய விஷயம். பணி ஓய்வு பெற்றவர்கள் பலருக்கு அந்தப் பாத்திதான் பொழுது.

இப்போது குரங்குகளால் ஒன்றும் மிஞ்சுவதில்லை. மதில்மேல் வரிசையாக உட்கார்ந்து, நாம் உள்ளே போகும்வரை காத்திருக்கின்றன. தக்காளி லேசாகச் சிவந்தால் போதும், பறித்து ஒரு கடி கடித்து எறிந்துவிட்டு அடுத்ததைப் பறிக்கின்றன. கத்தரி நாற்றை வேரோடு பிடுங்கி, முகர்ந்து பார்த்துவிட்டுப் போடுகின்றன. முருங்கையில் ஏறினால் கிளை முறிகிறது. பச்சை மிளகாயையும் பாகற்காயையும்தான் விட்டுவைக்கின்றன. அதை மட்டும் வைத்துக்கொண்டு எப்படிச் சமைப்பது?

குச்சியோடு விரட்டப் போகிறவர்கள் பெரும்பாலும் வயதானவர்கள். அதுதான் என் பெரிய கவலை. 2007 அக்டோபரில் டெல்லி துணை மேயர் எஸ்.எஸ். பஜ்வா, தம் வீட்டு மாடியில் குரங்குகளை விரட்டும்போது கீழே விழுந்து இறந்ததைத் தாங்கள் அறிவீர்கள். கடி பட்டால் வெறிநோய்த் தடுப்பூசிக்குத் தவணை தவணையாக அலைய வேண்டும்.

பிடித்துக்கொண்டு போங்கள் என்று நாங்கள் கேட்கவில்லை. 2007-இல் உயர் நீதிமன்றம் உத்தரவிட்டபின் குரங்குகளைப் பிடித்து அசோலா பட்டி சரணாலயத்தில் விட்டார்கள். ஒரு கூட்டம் போனாலும், தீனி கிடைக்கிற இடத்துக்கு அடுத்த கூட்டம் வந்துவிடுகிறது. செவ்வாயும் சனியும் ஆஞ்சநேயரை நினைத்துப் பழமும் கொண்டைக்கடலையும் போடுகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் பக்தியைக் குறை சொல்ல மாட்டேன். குரங்கை அடிப்பதும் விஷம் வைப்பதும் எங்களால் ஆகாத காரியம். 2023 ஜி20 மாநாட்டின்போது நகரில் வைத்தார்களே, அதுபோல இந்தக் குரங்குகள் அஞ்சுகிற லங்கூர் என்னும் கருமுகக் குரங்கின் படத்தையும் வைத்துப் பார்த்தோம். பயம் சில நாள்தான் இருந்தது. நைலான் வலையைப் பல்லால் கிழித்துவிட்டன.

ஆகவே மிஞ்சுவது கம்பிவலைதான். பாத்தியைச் சுற்றி இரும்புக் குழாய்ச் சட்டம், ஏழடி உயரம், பக்கங்களிலும் மேலேயும் துத்தநாகம் பூசிய பற்றவைப்புக் கம்பிவலை. வலைக்கண் அரை அங்குலம் இருந்தால் அணிலும் நுழையாது, தேனீ தாராளமாக வந்து போகும். சுரைக்கும் பீர்க்குக்கும் தேனீ போன்ற பூச்சிகள் வராவிட்டால் பிஞ்சு நிற்காது என்பதால் இதை வலியுறுத்துகிறேன். பெருச்சாளி தோண்டி வராமல் இருக்க வலையை மண்ணுக்குள் ஓரடி இறக்க வேண்டும். கதவுக்கு வெறும் தாழ்ப்பாள் போதாது, குரங்கு திறந்துவிடும். பூட்டுதான் சரி. செங்கல், சிமெண்ட் எதுவும் கிடையாது. கட்டடச் சுவரில் ஒரு ஆணியும் அடிக்க மாட்டோம். வீட்டைக் காலி செய்யும்போது கழற்றி, மண்ணைச் சமன் செய்து ஒப்படைப்போம். செலவு முழுக்க எங்களுடையது.

ஒதுக்கீட்டு வீட்டில் அனுமதியின்றி எதையும் எழுப்பக் கூடாது என்பதால்தான் வேலையைத் தொடங்காமல் தங்களிடம் வந்திருக்கிறோம். இளநிலைப் பொறியாளர் ஒருவரை அனுப்பி இடத்தைப் பார்க்கச் சொல்லி, எழுத்து மூலம் அனுமதி வழங்க வேண்டுகிறேன். அளவைக் குறைக்கச் சொன்னாலும், வலையின் வகையை மாற்றச் சொன்னாலும் சம்மதமே.

இன்னொன்று. கொல்லை ஓரத்து நாவல் மரத்தின் கிளைகள் எங்கள் மதில்மேல் சாய்ந்திருக்கின்றன. குரங்குகள் இறங்குகிற வழி அதுதான். 1994-ஆம் ஆண்டு மரப் பாதுகாப்புச் சட்டம் இருப்பதால் நாங்கள் கை வைக்கவில்லை. தோட்டக்கலைப் பிரிவினர் வந்து பார்த்து, சட்டப்படி எவ்வளவு கவாத்து செய்யலாமோ அவ்வளவு செய்து தரக் கேட்டுக்கொள்கிறேன். மரத்தை வெட்ட வேண்டாம்.

தக்காளி நாற்று நடும் காலம் நெருங்குகிறது. அதற்குள் தங்கள் பதில் கிடைத்தால் இந்தக் குளிர்காலத்துக்கே கூடாரம் போட்டுவிடுவோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(கையொப்பம்)

இணைப்பு: அக்கம்பக்கத்தாரின் ஒப்புதல் கையொப்பங்கள், கூடாரத்தின் வரைபடம், சேதமான பாத்திகளின் படங்கள், மனுவின் இந்திப் படி.