விமான நிறுத்துதளக் கான்கிரீட் பழுதுபார்ப்பு: டெண்டர் விட்ட முறை குறித்தும் பெயர்ந்துவரும் ஒட்டுகள் குறித்தும் புகார்

அனுப்புநர்:
விமான நிறுத்துதளத்தைப் பயன்படுத்தும் விமான நிறுவனங்களின் பராமரிப்பு மற்றும் தரைச்சேவைப் பொறியாளர்கள்

பெறுநர்:
பொது மேலாளர் (சிவில் பொறியியல்),
விமான நிலைய நிர்வாக நிறுவனம்

பொருள்: நிறுத்துதளக் கான்கிரீட் பழுதுபார்ப்பு முதல் கட்டம் – வேலையின் குறைகள் – இரண்டாம் கட்டத்தைப் புதிய டெண்டர் மூலம் மட்டுமே வழங்கக் கோருதல் – தொடர்பாக.

ஐயா,

வணக்கம். தரையிறங்கு கட்டணமும் நிறுத்துக் கட்டணமும் பாக்கியில்லாமல் செலுத்திவரும் வாடிக்கையாளர்கள் நாங்கள். உங்கள் நிறுத்துதளத்தில் முதல் கட்டமாகச் செய்த கான்கிரீட் ஒட்டுவேலை ஒரு மழைக்காலத்தைக்கூடத் தாங்கவில்லை. இந்த நிலையில் இரண்டாம் கட்டத்தையும் அதே ஒப்பந்ததாரருக்கு, அதே விலைப்பட்டியலில், கூடுதல் வேலையாகக் கொடுக்கக் கோப்பு நகர்வதாக அறிகிறோம். அதை உடனே நிறுத்த வேண்டும். ஒப்பந்ததாரரின் வேலையில் குறை இருக்கிறது. ஆனால் அந்தக் குறைக்குக் கதவைத் திறந்துவிட்டது நீங்கள் தயாரித்த டெண்டர் ஆவணம். ஆவணத்தைத் திருத்தாமல் ஆளை மட்டும் மாற்றினாலும் இதே கதிதான் நேரும்.

7-ஆம் எண் பேயில் (bay, ஒரு விமானம் நிற்கும் இடம்) மூக்குச் சக்கரம் நிற்கும் கோட்டுக்குப் பக்கத்து ஜாயின்ட்டை, அதாவது இரண்டு கான்கிரீட் பாளங்கள் (ஸ்லாப்கள்) சந்திக்கும் இணைப்பை, பாருங்கள். சுமார் ஒரு அடி நீளத்தில் போட்ட ஒட்டு, ஓரத்தில் மெலிந்து மெலிந்து நகத்தின் கனத்துக்கு வந்திருக்கிறது. விரலை விட்டு நெம்பினால் தகடு தகடாகக் கையோடு வருகிறது. அடியில் இருக்கும் பழைய கான்கிரீட்டில் எரிபொருள் கறையும் தூசியும் அப்படியே கிடக்கின்றன. இரண்டு ஸ்லாப்களுக்கு இடையே இருக்க வேண்டிய இடைவெளியின் மேலேயே கலவையை வழித்து நிரவியிருக்கிறார்கள். அந்த ஓர் ஒட்டிலேயே இந்த வேலையின் எல்லாத் தவறும் இருக்கிறது.

வெயிலில் ஸ்லாப் விரியும். இரண்டு ஸ்லாப்களும் ஒன்றை நோக்கி ஒன்று நகரும்போது, நடுவில் கடினமான கலவை பாலம்போல் நின்றால் முழு அழுத்தமும் அதன்மேல்தான் இறங்கும். முதலில் நசுங்குவது ஒட்டு, அடுத்தது பக்கத்தில் நன்றாக இருந்த பழைய கான்கிரீட். இதைத் தடுக்கத்தான் கலவை ஊற்றும் முன் ஜாயின்ட்டில் அமுங்கக்கூடிய பலகையைச் செருக வேண்டும் என்பது விதி. அந்தப் பலகை ஒட்டின் ஆழத்துக்குக் கீழே சுமார் 25 மி.மீ. இறங்கியும், பக்கவாட்டில் ஒட்டின் எல்லையைத் தாண்டியும் நிற்க வேண்டும். ஜாயின்ட் ஓரத்து ஒட்டுகள் தோற்பதற்கு இந்தப் பலகை இல்லாமையைவிடப் பெரிய காரணம் இல்லை. நாங்கள் பார்த்த ஒட்டுகளில் ஒன்றில்கூட அது இல்லை.

மற்ற படிகளும் புதியவை அல்ல. சுத்தியலால் தட்டியோ சங்கிலியை இழுத்தோ பொள்ளல் சத்தம் வரும் பகுதியைக் கண்டுபிடிக்க வேண்டும். அதற்கு வெளியே 75 மி.மீ. தள்ளிச் செவ்வகமாகக் குறித்து, குறைந்தது 50 மி.மீ. ஆழத்துக்கு ரம்ப மெஷினால் நேர்செங்குத்தாக வெட்ட வேண்டும். உள்ளே உடைக்க 15 கிலோவுக்கு மேற்படாத பிரேக்கரைத்தான் பயன்படுத்த வேண்டும். அதைவிடக் கனமானது அடியில் இருக்கும் நல்ல கான்கிரீட்டில் கண்ணுக்குத் தெரியாத விரிசலை உண்டாக்கி, புதிய ஒட்டு பிடிக்க வேண்டிய முகத்தையே தளர்த்திவிடும். பிறகு மணல் பீய்ச்சியோ உயர் அழுத்த நீராலோ சுத்தம் செய்து, எண்ணெய் கலக்காத காற்றால் ஊதி, பிடிப்புப் பூச்சு பூசி, அது காயும் முன்பே கலவையை நிரப்ப வேண்டும். உடைத்துக்கொண்டே போகும்போது ஸ்லாப் கனத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினாலோ டவல் கம்பி (dowel, பக்கத்துப் பக்கத்து ஸ்லாப்களை இணைக்கும் இரும்புக் கம்பி) வெளியே தெரிந்தாலோ மேலொட்டு, அதாவது மேற்பகுதியை மட்டும் வெட்டி நிரப்பும் ஒட்டு, போதாது. அந்தப் பகுதியை முழு ஆழத்துக்கு வெட்டியெடுத்து, பக்கத்து ஸ்லாப்பில் துளையிட்டு, எபாக்சிப் பசை வைத்து டவல் கம்பி இறக்கிப் புதிதாக வார்க்க வேண்டும்.

இனி உங்கள் விலைப்பட்டியலுக்கு வருவோம். அதில் இருக்கும் வாசகம் இவ்வளவுதான்: சேதமடைந்த கான்கிரீட்டை அகற்றி ஒட்டுக் கலவை நிரப்புதல், சதுர மீட்டருக்கு. ரம்ப வெட்டு இல்லை, குறைந்தபட்ச ஆழம் இல்லை, பலகை இல்லை, பிரேக்கர் எடை இல்லை, பிடிப்புச் சோதனை இல்லை. இவற்றையெல்லாம் கணக்கில் சேர்த்து விலை போட்டவர் தானாகவே மேலே போய்விடுவார். சேர்க்காதவர் எல்1, அதாவது மிகக் குறைந்த விலை சொன்னவர், ஆகிவிடுவார். குறைந்த விலைக்குக் கொடுப்பதில் எங்களுக்கு மறுப்பில்லை, பொதுப் பணம் அப்படித்தான் செலவாக வேண்டும். எல்லோரும் ஒரே வேலைக்கு விலை போட்டிருந்தால்தான் அந்த ஒப்பீட்டுக்குப் பொருள் உண்டு. இங்கே ஒருவர் 50 மி.மீ. வேலைக்கும் இன்னொருவர் 10 மி.மீ. பூச்சுக்கும் விலை சொல்லியிருக்கிறார்கள். ஆவணத்தின்படி இரண்டும் ஒன்றே.

அளவுகளில் உள்ள குறை இதைவிடக் கடுமையானது. முன்கூட்டிய ஆய்வு இல்லாமல் போட்ட அளவுகள் டெண்டரை எங்கே கொண்டுபோகும் என்பதற்கு ஓர் உதாரணக் கணக்கு. பட்டியலில் மேலொட்டு 400 சதுர மீட்டர், முழு ஆழ மாற்று 30 கன மீட்டர் என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். முதலாமவர் மேலொட்டுக்கு 9,000 ரூபாயும் முழு ஆழத்துக்கு 60,000 ரூபாயும் போடுகிறார், மொத்தம் 54 லட்சம். இரண்டாமவர் 12,000, 30,000 என்று போடுகிறார், மொத்தம் 57 லட்சம். முதலாமவர் எல்1. தளத்தை உடைத்துப் பார்த்தால் மேலொட்டு 250 சதுர மீட்டராகக் குறைந்து முழு ஆழம் 90 கன மீட்டராகிறது. 5 மீட்டருக்கு 5 மீட்டர், 400 மி.மீ. கனம் என்றால் ஒரு ஸ்லாப்பே 10 கன மீட்டர். மூன்று ஸ்லாப் என்று எழுதியது ஒன்பது ஸ்லாப்பாக ஏறுவது பழைய தளத்தில் சர்வ சாதாரணம். இப்போது முதலாமவருக்குப் போவது 76.5 லட்சம். இரண்டாமவர் செய்திருந்தால் அதே 57 லட்சம். பழைய தளத்தை அறிந்த ஒப்பந்ததாரர் எந்த அளவு ஏறும் என்று முன்பே கணித்துத்தான் விலை போடுவார். அதற்கு இடம் கொடுக்காமல் இருக்க அளவு சரியாக இருக்க வேண்டும், அல்லது ஒரு வரம்பைத் தாண்டிய அளவுக்கு விலை மறுபரிசீலனை உண்டு என்று ஒப்பந்தத்திலேயே எழுத வேண்டும்.

அளவு எடுக்க முறை இருக்கிறது. விமான நிலையத் தளங்களின் நிலையை மதிப்பிடும் ஏஎஸ்டிஎம் டி5340 தரப்படி கான்கிரீட் தளத்தை ஏறத்தாழ 20 ஸ்லாப் கொண்ட மாதிரிக் கூறுகளாகப் பிரித்து, மூலை உடைவு, ஜாயின்ட் ஓர உடைவு, சீலன்ட் (ஜாயின்ட்டை அடைக்கும் பசை) சேதம் என ஒவ்வொன்றையும் தீவிரத்தோடு பதிவு செய்து, 0 முதல் 100 வரை மதிப்பெண் தருவார்கள். தட்டிப் பார்க்கும் சோதனையையும், சந்தேகமான இடங்களில் துளையிட்டு எடுக்கும் சில கோர் மாதிரிகளையும் அதோடு சேர்த்தால், எத்தனை ஸ்லாப் மேலொட்டுக்கு, எத்தனை முழு மாற்றுக்கு என்று வரைபடத்திலேயே குறித்துவிடலாம். முதல் கட்ட டெண்டரோடு அப்படி ஒரு வரைபடம் வெளியிடப்படவில்லை.

தகுதி நிபந்தனையிலும் ஓட்டை இருக்கிறது. மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையம் 17 டிசம்பர் 2002 தேதியிட்ட சுற்றறிக்கையில், மதிப்பீட்டுத் தொகையில் 40% அளவில் மூன்று ஒத்த வேலைகள், அல்லது 50% அளவில் இரண்டு, அல்லது 80% அளவில் ஒன்று முடித்திருக்க வேண்டும் என்றது. ஒத்த வேலை எது என்பதைத் தெளிவாக வரையறுக்கவும் சொன்னது. நீங்கள் சதவீதத்தை அப்படியே எடுத்துக்கொண்டு வரையறையை விட்டுவிட்டீர்கள். 'கான்கிரீட் தள வேலை' என்ற பொதுச் சொல்லுக்குள் தெருச் சாலையும் கிடங்குத் தரையும் அடங்கிவிடும். இயங்கிக்கொண்டிருக்கும் விமான நிலையத்தில் கான்கிரீட் பழுதுபார்த்த அனுபவம் என்று கேட்டிருக்க வேண்டும்.

இரவு நேரக் கட்டுப்பாட்டையும் சொல்லியாக வேண்டும். எல்லா வேலையும் இரவு 11 முதல் அதிகாலை 5 வரை என்று எழுதியிருக்கிறீர்கள். ஓடுபாதைக்கு அது தவிர்க்க முடியாதது. நிறுத்துதளத்துக்கு எதற்கு? தளத்தைக் கையில் வாங்கித் தடுப்பும் விளக்கும் வைக்கவே அரை மணி நேரம். துரித கலவைக்குச் சக்கரம் ஏறும் வலிமை வர இரண்டு மணி நேரம், கடைசியில் துப்புரவுக்கும் ஆய்வுக்கும் ஒரு மணி நேரம் என்று வைத்தால், இரவு 2 மணிக்குக் கடைசிக் கலவை உள்ளே இருக்க வேண்டும். வெட்டி, உடைத்து, கழுவி, உலர்த்தி, நிரப்ப மிஞ்சுவது இரண்டரை மணி நேரம். அவசரத்தில் முதலில் விடுபடுவது சுத்தம் செய்வதுதான், 7-ஆம் பேயில் கிடக்கும் தூசி அதற்குச் சாட்சி. பேக்களை இரண்டிரண்டாக முழுமையாக மூடிக் கொடுத்தால், முழு ஆழ வேலைக்குச் சாதாரண கான்கிரீட்டே போதும், 14 நாள் க்யூரிங்கும் (ஈரத்தோடு இறுகவிடுவது) கிடைக்கும், செலவும் குறையும். விமானங்களை மற்ற பேக்களுக்கு மாற்றி நிறுத்த நாங்கள் தயார். டெண்டர் விடும் முன் எங்களிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

சீலன்ட் விஷயத்தில் சுருக்கமாக: எரிபொருள் நிரப்பும் பேக்களில் பாலிசல்பைடு போன்ற, எரிபொருளைத் தாங்கும் வகையே வேண்டும். ஜாயின்ட் அகலத்தைவிட 25% தடித்த பேக்கர் ராடு என்ற நுரைக் கயிறு அடியில் இல்லாவிட்டால் சீலன்ட் மூன்று பக்கமும் ஒட்டிக்கொண்டு, ஸ்லாப் சுருங்கும்போது கிழியும். இப்போது 4, 7, 9 எண் பேக்களில் கிழிந்திருப்பது இப்படித்தான். கிழிசல் வழியே இறங்கும் தண்ணீர் அடித்தளத்தை அரிக்கும்.

பெயர்ந்த சில்லுகள் எங்கே போகின்றன என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. போயிங் 737 போன்ற விமானங்களின் எஞ்சின் வாய் தரையை ஒட்டியே இருக்கிறது. டர்போபிராப் விமானத்தின் சுழல்விசிறி (ப்ரொப்பெல்லர்) தரையில் கிடக்கும் கல்லை அடித்தால் அலகு சேதமாகும், சில்லு தெறித்தால் பக்கத்தில் நிற்கும் தொழிலாளிக்கு அடிபடும். விமானம் நடமாடும் தளங்களில் சிதறிய கல், சில்லு எதுவும் இல்லாமல் வைத்திருப்பது சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் 14-ஆம் இணைப்பு உங்கள்மேல் சுமத்தும் கடமை. எங்களைப் பொறுத்தவரை இந்தப் புகாரின் மையம் இதுதான்.

ஆகவே நாங்கள் கேட்பவை: பெயர்ந்த ஒட்டுகளைக் குறைபாட்டுப் பொறுப்புக் காலத்துக்குள் ஒப்பந்ததாரர் தன் செலவில், மேலே சொன்ன முறைப்படி, முழுவதுமாக எடுத்துவிட்டுத் திரும்பச் செய்ய வேண்டும். மேலே இன்னொரு பூச்சு பூசுவதை ஏற்க மாட்டோம். அது முடியும்வரை பாதுகாப்பு வைப்புத் தொகையை விடுவிக்கக் கூடாது. அதுவரை 4, 7, 9 பேக்களை ஒவ்வொரு விமானம் வரும் முன்பும் துப்புரவு செய்து, நேரத்தோடு பதிவேட்டில் எழுத வேண்டும்.

இரண்டாம் கட்டத்துக்குப் புதிய டெண்டர் வேண்டும். ஸ்லாப் வாரியான ஆய்வு வரைபடம் அதோடு வெளியாக வேண்டும். மேலொட்டை ஆழ வாரியாகப் பிரித்து, பலகையையும் ரம்ப வெட்டையும் தனித் தனி வரியாகக் காட்ட வேண்டும். வேலை தொடங்கும் முன் ஒரு பேயில் மாதிரி ஒட்டுகள் போட்டு, பிடிப்பு வலிமையை இழுத்துச் சோதித்த பிறகே மற்றவற்றுக்கு அனுமதி தர வேண்டும். மதிப்பீட்டைவிட மிகக் குறைந்த விலை வந்தால், மத்திய நிதி அமைச்சகத்தின் பணிகள் கொள்முதல் கையேடு சொல்வதுபோல, விலைப் பகுப்பாய்வை எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். அதே அமைச்சகம் 29 அக்டோபர் 2021 அன்று வெளியிட்ட பொது அறிவுறுத்தல்கள், தரத்துக்கு 30% வரை மதிப்பெண் கொடுத்துக் கட்டுமான வேலையை வழங்கவும் நிபந்தனைகளோடு இடம் தருகின்றன. இந்த வேலை அதற்குப் பொருத்தமானதா என்று பரிசீலியுங்கள்.

பழுதான பேக்களின் படங்களும் இடம் குறித்த வரைபடமும் இணைத்துள்ளோம். உங்கள் பொறியாளர்களும் ஒப்பந்ததாரரும் எங்களோடு சேர்ந்து தளத்தைத் தட்டிப் பார்க்க ஒரு நாள் குறியுங்கள். இக்கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் எழுத்தில் பதில் தர வேண்டுகிறோம். பதில் வராவிட்டால் விமானப் பாதுகாப்பு ஒழுங்குமுறை அதிகாரிகளிடம் முறையிடுவோம்.

இப்படிக்கு,
விமான நிறுவனங்களின் பராமரிப்பு மற்றும் தரைச்சேவைப் பொறியாளர்கள்